வீடு இந்தப் பக்கம், போர்வெல் அந்தப் பக்கம்

சித்தூர்–திருப்பதி புது ரயில் பாதைக்காக இன்று காலை எங்கள் மாந்தோப்பில் சர்வே கல் நட்டுவிட்டார்கள். எங்கே என்று கேளுங்கள். என் வீட்டுக்கும் என் போர்வெல்லுக்கும் நட்டநடுவில்!

வெதுருகுப்பம் வட்டாரத்திலேயே இந்தத் தித்திப்புத் தண்ணீர் வேறு யாருக்கும் கிடையாது. ஏழுமலையானுக்குத் தெரிந்தால் அவரே டேங்கர் அனுப்புவார்.

கல் நட்ட புத்தூர்க்காரத் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாப்பா இது? மோட்டார் போட ரயிலுக்கு அடியில பூந்து போவணுமா நானு?"

"தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது மாமா. ரயில்வே கேட்டு ஏரிக்கரையாண்ட வருது. சுத்திக்கினு போங்க."

"சுத்திக்கினு போறதுக்குள்ள கரண்ட்டே பூடும்யா! சரி, ஸ்டேஷனாவது இங்க வருதா?"

"இல்ல மாமா. ரயிலு இங்க நிக்காது."

எனக்கு வந்ததே கோபம்! நான் போட்ட சத்தத்தில் திருப்பதி மலையே ஆடியிருக்கும்.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரி. "போன வாரம் இவங்களுக்கு மாம்பழம் அறுத்துக் குடுத்து, 'எங்க தோப்பு வழியா போட்டா நேரா பூடும்'னு கையக் காட்டினது யாராம்?"

யார் நிலத்தில் பாதை வருகிறதோ, அவர் பெயரைத்தானே ஸ்டேஷனுக்கு வைப்பார்கள்? அது தெரியாமல் பேசுகிறாள்.

நாளைக்கே சித்தூர் ஆபீசில் போய் உட்காரப் போகிறேன். தோப்புக்குள்ளேயே ஒரு ரயில்வே கேட் வேண்டும். ஆள் இல்லையென்றால் கேட் கீப்பராக நானே இருக்கிறேன். ரயிலை நிறுத்தி வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு வருவேன்.

கூட வருகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.