கரைப் பாட்டைப் பாடியவன்

பாகூர் ரோட்டில், மழை பெய்தால் எருமை படுத்துக் கிடக்கும் பள்ளத்தை வாங்கி, செம்மண் அடித்து மேடாக்கி, ஹாலோ பிளாக் சிமென்ட் கல் வார்க்கும் களம் போட்டவன் நான். அந்தக் களத்துக் கல்லை வைத்தே கல்யாண மண்டபம் கட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், சிமென்ட் மூட்டை சுமந்தவன், இவன் கட்டினால் கூரை நிற்குமா என்று கேட்டார்கள். நிற்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தில் நாடகக் கொட்டகை போட்டேன். இரண்டு புயலில் தகரம் பறந்தது. இரண்டு தடவையும் நானே மேலே ஏறி நின்று போல்ட் முடுக்கினேன். கொட்டகை இருந்தால் போதுமா, ஆடுவதற்கு ஒரு நாடகம் வேண்டாமா? அதையும் நான்தான் உண்டாக்கினேன்.

கதை நான் சொன்னது. ராஜா சண்டைக்குப் போயிருக்கிறான், ஏரிக்கரை உடைந்துவிடுகிறது, ராணி உடைப்பின் முன்னால் போய் உட்கார்ந்து தண்ணீரிடம் நியாயம் கேட்கிறாள். இவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் அதற்குப் பாட்டுக் கட்டினார். விடிய விடிய ஆட வேண்டும் என்றார் அவர். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று சொல்லி மூன்று மணி நேர நாடகமாக வெட்டினேன். மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, விளக்கு வைத்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே நாடகம், அதே பாட்டு. வில்லியனூர், நெட்டப்பாக்கம், ஏம்பலம், காட்டேரிக்குப்பம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, அறுபதாவது தடவை பார்க்கிறேன், எழுபதாவது தடவை பார்க்கிறேன் என்று பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ரசிகர்கள் இப்போது நாடகத்துக்கு ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். நாடகம் பிறந்த கதையை எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். பிறந்த கதை மேலே எழுதிவிட்டேன். மீதி எழுதுவது அவர்கள் கேட்காதது.

ராணி வேஷத்துக்கு எங்களிடம் இரண்டு பேர். இரண்டு பேரும் ஆண்கள்தான், கூத்தில் அப்படித்தான் வழக்கம். முதலிலிருந்து ஆடியவரைப் பெரிய ராணி என்பார்கள். அவருக்கு முடியாத நாளில் ஆடுகிறவன் சின்ன ராணி. பெரிய ராணி என் வயதுக்காரர், சொந்தமாக இரண்டு காணி நெல் வைத்திருந்தவர். சின்ன ராணி காட்டேரிக்குப்பத்துக்காரன், கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ளவன், சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். பகலெல்லாம் பலகை அடித்துவிட்டு வந்து அரிதாரம் பூசி உட்கார்ந்தால், விரல் நகத்தில் மட்டும்தான் சிமென்ட் தெரியும். ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டவர்கள், அதனால் இரண்டு பேர் குரலும் ஒரே கட்டையில் நிற்கும். ரசிகர்கள் மட்டும் அவனைச் சின்ன ராணி என்று சொல்வதோடு நிற்க மாட்டார்கள். லாரிக்கு மாற்றுச் சக்கரம் இருக்கிறதே, அந்தப் பேரை வைத்து ஸ்டெப்னி என்பார்கள்.

ரசிகர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் ஏம்பலத்தில் கரும்பு வைத்திருக்கிறவர். இன்னொருவர் வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். வாட்சப்பில் ரசிகர் குரூப் நடத்துவது இந்த மளிகைக்காரர்தான். இவர்கள் பௌர்ணமி அன்று சாயங்காலம் என் களத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு யார் என்பதைப் பேசுவார்கள். கடைசிப் பாட்டின் இரண்டாம் அடியில் யார் மூச்சை எங்கே வாங்குகிறார்கள், முந்தானையை யார் எந்தக் கையால் தள்ளுகிறார்கள் என்று அவ்வளவு நுணுக்கம் பேசுவார்கள். என்னிடம் கேட்டால் நான் சொல்ல மாட்டேன். சின்ன ராணி என்று தெரிந்தால் பாதிக் கூட்டம் வராது. அதனால் அவர்களாகவே ஒரு அடையாளம் கண்டுபிடித்தார்கள். பெரிய ராணியின் நீல நிற மொபெட் கொட்டகை ஓரத்தில் நின்றால் பாயை விரிப்பார்கள். நிற்காவிட்டால் டீயைக் குடித்துவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள்.

ஒரு வருஷம் பெரிய ராணிக்குச் சர்க்கரை கூடிக் கால் வீங்கிவிட்டது. ஆடுகிற அன்று மத்தியானம்தான் சேதி வந்தது. தொகுதியிலிருந்து பெரிய மனிதர்களை வரச் சொல்லியிருந்தேன். கொட்டகை காலியாகக் கிடந்தால் என் முகத்தை எங்கே வைப்பது? களத்து ஆளை அனுப்பி மொபெட்டை ஓட்டிவரச் சொல்லி, கொட்டகை ஓரத்தில் நிறுத்தினேன். சின்ன ராணியை உள்ளே உட்காரவைத்து அரிதாரம் போடச் சொன்னேன். வேஷம் கட்டுகிற அறைக்குள் வெளியாள் வரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம், அன்றைக்கு அது உதவியது. முகம் முழுக்கச் சிவப்பு அப்பி, கிரீடம் வைத்து, தோளில் புஜக்கட்டை கட்டிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“மைக்குல என் பேரச் சொல்லுவீங்களா மொதலாளி?”

“பேர்ல இன்னாடா இருக்குது? நல்லா ஆடு, அது போதும்.”

மைக்கில் பெரிய ராணியின் பேரைச் சொன்னவன் நான்தான். கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது.

கடைசிக் காட்சியில் கரைப் பாட்டு. ஆர்மோனியம் நின்றுவிடும், மிருதங்கமும் கிடையாது, ராணி தனியாக உட்கார்ந்து பாட வேண்டும். மூன்றாவது அடியின் பாதியில் அவன் நிறுத்தினான். நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன், பாட்டை மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். அவன் விரலை மட்டும் லேசாக அசைத்து வேண்டாம் என்றான். அவ்வளவு கூட்டத்தில் ஒரு குழந்தைகூட முனகவில்லை. பிறகு அதே அடியை, கிணற்றுக்குள் இருந்து பேசுகிறவன் மாதிரி அடித் தொண்டையில் எடுத்தான். எனக்குக் கண் கலங்கியது. என் சொந்த மகள் கல்யாணத்தில்கூட நான் அழுதவன் இல்லை.

பிறகு கேட்டேன், ஏன் நிறுத்தினாய் என்று. தண்ணி வர்ற சத்தம் அவளுக்குக் கேக்க வேணாமா என்றான்.

மறுநாள் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. பெரிய ராணி அந்த ஒரு நிறுத்தத்துக்காகத்தான் இத்தனை வருஷம் ஆடியிருக்கிறார் என்றார் மளிகைக்காரர். போனில் பதிவு செய்திருந்தார், அதைக் குரூப்பில் போட்டார். கரும்புக்காரர் அதை மூன்று தடவை கேட்டுவிட்டு, “ஸ்டெப்னி பத்து ஜென்மம் எடுத்தாலும் இப்பிடி நிறுத்த மாட்டான்பா” என்றார். நான் டீயைக் குடித்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இவ்வளவு தெரிந்தவர்களை ஏமாற்றிவிட்டேனே என்ற சந்தோஷம். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை மொபெட்டை நிறுத்தினேன்.

பெரிய ராணியிடம் மறைக்கவில்லை. முதல் தடவை அந்தப் பதிவைக் கேட்டபோது, நான் எப்பய்யா இப்படி நின்னேன் என்று முறைத்தார். அப்புறம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக அவர் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அவர் மறுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, அந்த நிறுத்தத்தைப் பற்றி வந்தவர்களுக்கு அவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

பிறகு கால் மோசமாகி ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இனிமேல் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சின்ன ராணி அவன் சொந்தப் பேரில் ஏறினான். முதல் தடவையாக மைக்கில் அவன் பேரைச் சொன்னேன். கூட்டம் குறைவுதான், ஆனாலும் இருந்தது. கரைப் பாட்டு வந்தது. மூன்றாவது அடியில் அதே இடத்தில் நிறுத்தினான். நான் சத்தியமாகச் சொல்கிறேன், முன்னைவிட நன்றாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னாபா, மறந்துட்டியா? எடுத்துக் குடுக்கட்டா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பாடி முடித்தான்.

மறுநாள் மளிகைக்காரர் இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் குரூப்பில் போட்டார். ஒன்று அசல், ஒன்று ஸ்டெப்னி, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். எத்தனையோ பேர் அதற்குப் பதில் போட்டிருந்தார்கள். இவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை, நிறுத்துவதற்கும் மறப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஒருவர் பாடமே நடத்தியிருந்தார். போன் எழுத்து எனக்குப் பொடியாகத் தெரியும், என் பேரன்தான் அதைப் படித்துக் காட்டினான். இரண்டும் ஒரே தொண்டை. ஒருவருக்கும் தெரியவில்லை.

சின்ன ராணி களத்துக்கு வந்தான். வேலைக்குப் போகிற சட்டையோடு, கையில் சுத்தியோடு வந்திருந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“அது நாந்தான்னு ஒரே ஒரு தபா சொல்லிடுங்க மொதலாளி. வேற ஒண்ணும் கேக்கல. என்னோடதக் காட்டியே என்னை அடிக்கிறாங்க.”

பெரிய ராணிக்குப் பாராட்டு விழா எடுக்க ரசிகர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த மேடையிலேயே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தால் மாற மாட்டேன் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவனும் நம்பித்தான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மண்டபத்தில்தான் விழா. பெரிய ராணியை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். காலில் துணி சுற்றியிருந்தது. மாலை, சால்வை எல்லாம் ஆன பிறகு மளிகைக்காரர் அந்தப் பதிவை ஸ்பீக்கரில் போட்டார். மூன்றாவது அடி வந்தது, நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய ராணி கண்ணை மூடி அழுதார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் சின்ன ராணி நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பெரிய ராணியும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பள்ளத்தை மேடாக்கிய கதையைச் சொன்னேன். மண்டபம் கட்டியதைச் சொன்னேன். புயலில் தகரம் முடுக்கியதைச் சொன்னேன். பேசப் பேச இன்னும் கொஞ்சம் பேசினால் அந்த விஷயத்துக்கு வந்துவிடலாம் என்று தோன்றியது. வரவில்லை. கைதட்டி மைக்கை வாங்கிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. பந்தியில் தேடினேன். சாப்பிடாமலே போயிருந்தான்.

அதன் பிறகு அவன் வரவில்லை. கடலூர்ப் பக்கம் ஏதோ கட்டட வேலையில் இருக்கிறான் என்றார்கள். போன் செய்தேன். அடுத்த பௌர்ணமிக்கு வரச் சொல்லிக் கேட்டேன். அவன் கோபமாகக்கூடப் பேசவில்லை. “ஸ்டெப்னிக்கு ஒரு ஸ்டெப்னி பாத்துக்கோங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நாலு பௌர்ணமியாக என் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. டீக்கடையில் இப்போது மூன்றாவதாக யாரைப் போடலாம் என்று பேசுகிறார்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் பெரிய ராணி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். எழுதப் போகிறேன் என்று சொன்னேன். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“நான் செத்தாலும் ஊரு பேசறது அந்த ஒரு பாட்டத்தான்யா. அத்தயும் எடுத்துக்கறியா?”

நீ இருபது வருஷம் ஆடியதை யாரும் எடுக்க முடியாது, இது உன்னுடையது இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். நேரே வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன். அவர் சம்மதிக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவராகக் கேட்டு வாங்கிய பேர் இல்லை அது, நான் கொண்டுபோய்க் கொடுத்தது.

மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். இதில் ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது. குரூப்பில் இருக்கும் அந்தப் பதிவின் கீழே உள்ள பேரை மாற்றுங்கள். சின்ன ராணியின் முழுப் பேரையும் காட்டேரிக்குப்பத்தையும் சேர்த்துப் போடுங்கள். மாற்றியதை அவனுக்கு அனுப்புங்கள், நான் அனுப்பினால் பார்க்க மாட்டான். மலரில் கரைப் பாட்டுக்கென்று ஒரு பக்கம் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பக்கத்தில் என்னையும் போட வேண்டும். கொட்டகை கொடுத்தவர், கதை கொடுத்தவர் என்று போட்டு முடித்துவிடாதீர்கள். அவன் பாட்டுக்கு வேறொருவர் பேரை ஒட்டியவன் நான். அப்படி ஒட்டியிருக்காவிட்டால் அந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்டிருக்கவே மாட்டீர்கள், எழுந்து போயிருப்பீர்கள், அதையும் எழுதுங்கள். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லாமல் இறங்கியவனும் நான்தான். இதெல்லாம் என் பங்கு. என் பேரைப் போட்டு, அவன் பேருக்குக் கீழே, எல்லோரும் படிக்கிற எழுத்தில் அச்சடியுங்கள்.