ஒரே அச்சில் இரண்டு ஷெட்

"ஏனுங்க சாமி, ஃபேன் ஓடுதுன்னு போன்ல காட்டுது. இங்க கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு நிக்குதுங்க."

ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் செல்வியக்கா சித்திரை மாத மதியத்தில் கூப்பிட்டுச் சொன்னது. கோழி வாயைத் திறந்தால் அடுத்தது சாவு. அவருடைய இரண்டு ஷெட்டிலும் நாங்கள் செய்த கண்ட்ரோலர் போர்டுதான். போனில் தட்டினால் ஃபேனைப் போடும், சூடு எவ்வளவு என்று சொல்லும்.

அந்தப் போர்டில் மெமரி கொஞ்சம். அதில் நெட்வொர்க் ஓடுவதற்கென்றே யாரோ எழுதி இலவசமாக விட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டிருந்தேன். நாமக்கல்லில் எங்கள் கம்பெனியில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். சந்தேகம் கேட்கக்கூட ஆள் கிடையாது. என் வீட்டாரைப் பொறுத்தவரை, நான் கோழிக்கு ஃபேன் மாட்டுகிறவன்.

முதலாளி லாரி பாடி கட்டும் தொழிலிலிருந்து வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் தீர்ப்புக் கொடுத்துவிட்டார்.

"ஓசில வந்தது ஓசியாட்டந்தான் இருக்கும். தூக்கிக் கடாசு."

அதில் ஒரு வரி படித்ததில்லை அவர்.

பஸ் பிடித்துப் போனேன். செல்வியக்கா கையாலேயே சுவிட்சைப் போட்டு ஃபேனை ஓடவிட்டிருந்தார். செத்த கோழிகளைச் சாக்கு போட்டு மூடியிருந்தார். அவர் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன்.

பெரிய ஷெட் போர்டின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினேன். போனில் பெரிய ஷெட் இன்னும் உயிரோடு இருந்தது. ஒயர் இல்லாத போர்டு எப்படிப் பேசும்? பேசியது சின்ன ஷெட்.

இரண்டு போர்டின் மேக் அட்ரஸையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. நெட்வொர்க்கில் ஒவ்வொரு போர்டுக்கும் தனி மேக் அட்ரஸ் வேண்டும், அதை வைத்துத்தான் ஆள் அடையாளம். பெரிய ஷெட்டுக்கென்று தட்டியது சின்ன ஷெட்டுக்குப் போய், அங்கே ஓடிய ஃபேனைத்தான் போன் காட்டியிருக்கிறது. தனித்தனியாகப் போடச் சொல்லித்தான் எங்கள் பட்டறையில் கொடுத்திருந்தேன். ஒன்றின் அட்ரஸை அங்கேயே மாற்றிவிட்டு, கம்பெனிக்குத் திரும்பிப் போய்க் கேட்டால், முதல் போர்டை அட்ரஸோடு அப்படியே மற்றதில் நகலெடுக்க வைத்தது முதலாளி.

"அச்சுன்னா ஒரே அச்சுய்யா. ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி வந்தா அது பட்டறையா?"

லாரிக் கதவுக்கு அது சரி.

பிறகு என் முன்னாலேயே செல்வியக்காவுக்குப் போன் போட்டு, ஓசி சாப்ட்வேர் கோளாறு, சரி பண்ணியாச்சு என்றார். போனைப் பிடுங்கி, தப்பு எங்கள் பட்டறையில்தான் என்றேன்.

"சரிங்க. கோழிக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றார் செல்வியக்கா.

அதன்பின் கம்பெனியில் யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மென்பொருளைத் திட்டுவதற்கு முன் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். உண்மை தெரிந்தால் சொல்லிவிடுங்கள். தனியாகத்தான் சாப்பிட வேண்டிவரும், சாப்பிடுங்கள்.

அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கும் ஒரு மெயில் போட்டேன், உங்கள் கோடில் தப்பில்லை என்று. பதில் வரவில்லை. தப்பு இருந்தால்தானே எழுதுவார்கள்.