மெதுவாகக் கதைக்கத் தெரியாத சியாமா மிஸ்ஸி

சியாமா மிஸ்ஸி மௌத்தான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் தறியில் இருந்தேன். மாரடைப்பாம். எங்கள் ஊரான மருதமுனையில் ஒருத்தரும் என் பக்கம் நிற்காத காலத்தில் நின்றவர். எழுந்து முற்றத்துக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

அவரோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் அவருடைய வாயைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். எனக்கும் அந்த வாய்தான் முதலில் அறிமுகம். ஐந்து மாதக் கர்ப்பத்தில் என் புருஷன் என்னை உதைத்தார். விழுந்த பிறகும் உதைத்தார். சத்திரசிகிச்சை முடிந்து நான் கண்விழித்தபோது பக்கத்தில் நின்ற தாதி இவர்தான். பிள்ளை போய்விட்டது. "வயித்துல சின்னக் காயம்தான் மகள்," என்று உம்மா தேற்றிக்கொண்டிருந்தார். மிஸ்ஸிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வயிறு சோறு போற இடம் உம்மா. புள்ள வளர்ற இடத்துக்குப் பேர் கருப்பை. அது கிழிஞ்சு போச்சு, எடுத்தாச்சு. இவக்கிட்ட உண்மையைச் சொல்லுங்க."

அன்று அவரை வெறுத்தேன்.

பிறகு விவாகரத்துக் கேட்டு, எங்கள் கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போனேன். "இவ மலடி. நான் வேற கலியாணம் முடிக்கணும்," என்றார் புருஷன். என் பக்கத்துச் சாட்சிகள் வெட்கப்பட்டு, வயிற்றில் அடித்தார் என்று மட்டும் சொன்னார்கள். "வயித்துவலி ஆறாதா?" என்று புருஷனுக்கு மூத்தவரான காக்கா சிரித்தார். நான் கேட்டதற்காக லீவு போட்டு வந்திருந்த மிஸ்ஸி எழுந்தார்.

"உதைச்சதுல கருப்பை கிழிஞ்சிருந்திச்சு. ரத்தம் நிக்கல்ல, அதால எடுத்த. சூலகம் ரெண்டும் நல்லாத்தான் இரிக்கி. புள்ள தரிச்ச இவ மலடி இல்ல."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "கொஞ்சம் மெதுவாக் கதைங்க," என்றார் காதியார்.

"இவர் மெதுவாவா உதைச்ச?"

வெளியே வந்ததும் புருஷன் ஹெல்மட்டால் மிஸ்ஸியின் முகத்தில் ஓங்கி அடித்தார். உதடு பிளந்து, முன்பல் உடைந்து விழுந்தது. நான் அலறினேன். மிஸ்ஸி ரத்தத்தைத் துப்பிவிட்டு உள்ளே திரும்பிப் போய், "இதுக்குப் பேர் உதடு. இதையும் எழுதிக்கொள்ளுங்க," என்றார். எனக்கு விவாகரத்துக் கிடைத்தது. அவருக்கு அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

மிஸ்ஸி எனக்கு விட்டுப்போனது வெட்கப்படாத அந்த வாய். ஜனாஸா அடக்கம் முடிந்த கிழமையே அது எனக்குத் தேவைப்பட்டது. ஒரு கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இவதான் அந்த மலடி," என்று ஒருத்தி மற்றவளின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

"நான் மலடி இல்ல," என்றேன். "அஞ்சு மாசப் புள்ள உண்டாகி இருக்கக்குள்ள என்ட புருஷன் உதைச்சாரு. கருப்பை கிழிஞ்சு போச்சு." புருஷனுடைய பெயரையும் சொன்னேன்.

சோற்றில் இருந்த கைகள் நின்றன. எனக்கு எதிரே இருந்த பெண் தன் மகளை அவருக்குத்தான் கலியாணம் பேசி வைத்திருந்தாராம். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, மகளைத் தேடி ஓடினார்.