இமோஜீனின் கைதட்டல்

"மைக்கை இன்னுங் கொஞ்சம் எறக்குப்பா. வாசிக்கப் போறவங்க என்ன ஒட்டகச்சிவிங்கியா?"

மேடைக்குக் கீழே நின்று சவுண்டுக்காரனை விரட்டிக்கொண்டிருப்பவள் இமோஜீன் ஸ்டாலர்ட். எங்கள் கச்சேரிக் கூடத்தில் அவளுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. என்னைப்போல டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவள்தான். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து அதட்டாமல் இங்கே ஒரு கச்சேரி தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. சவுண்டுக்காரனும் மறுபேச்சில்லாமல் இறக்குவான். வாதாடிப் பார்த்து அலுத்துப்போன மனுஷன்.

மேடையில் மைக் ஒன்றே ஒன்றுதான். இந்த வர்ஜீனியா மலைக்குள் புளூகிராஸ் சங்கீதம் என்றால் அப்படித்தான். பிடில், பாஞ்சோ, மாண்டலின், கிட்டார் எல்லாரும் அந்த ஒற்றை மைக்கைச் சுற்றி நிற்பார்கள். யாருடைய முறையோ அவர் முன்னே வருவார். மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள். அவர் முடித்துப் பின்னால் நழுவும்போதே அடுத்தவர் உள்ளே நுழைவார். சின்னச் சமையலறையில் நாலு பேர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்கிற மாதிரி.

ஒவ்வொரு முறை முடிந்ததும் சபை கை தட்டும். பிரமாதமாக வாசித்தாலும் தட்டும், சுமாராக வாசித்தாலும் தட்டும். அது ஒரு மரியாதை. இமோஜீனிடம் அந்த மரியாதையெல்லாம் நடக்காது. பிடித்தால் தட்டுவாள். பிடிக்காவிட்டால் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வாள். ஒருமுறை டென்னசியிலிருந்து வந்த குழு ஒன்று, எல்லாரும் ஒரே நிறத்தில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வாசித்தது. சாயங்காலம் முழுக்க இவள் கை அக்குளை விட்டு வரவில்லை. இடைவேளையில் அந்தக் குழுத் தலைவன் பாவம், தானாகவே வந்து, "எப்டிங்க இருந்தது?" என்று கேட்டான்.

"சூட்டு நல்லாருக்கு," என்றாள் இமோஜீன்.

இத்தனைக்கும் அவளுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்க வராது. யாராவது அதைச் சொல்லிக் காட்டினால் கொஞ்சங்கூட அசர மாட்டாள். "ஆமா, எனக்கு வாசிக்கத் தெரியாது. கேக்கத் தெரியும். ஒனக்கு ரெண்டும் தெரியாது," என்பாள்.

பிழைப்புக்கு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். நாள் பூராவும் அங்கே ரேடியோவில் இதே சங்கீதம்தான். விஷயம் தெரிந்த பெண்கள் வேகமான பாட்டு ஓடும்போது அவளிடம் தலையைக் கொடுக்க மாட்டார்கள். பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு மெதுவான பாட்டு வரும்வரை காத்திருப்பார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாத என் மைத்துனி ஈஸ்டர் பண்டிகை முழுவதும் தொப்பியோடு இருந்தாள். அதற்காக இமோஜீன் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. "பாஞ்சோக்காரனைப் போய்க் கேளு," என்று சொல்லிவிட்டாள்.

இமோஜீனின் பெண் டெஸ்ஸா மாண்டலின் வாசிக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டியூட்டி முடிந்து வந்தால் பார்லரின் பின்னறையில் சாதகம். அம்மா திரைக்கு இந்தப் பக்கமிருந்து, கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "என்னடி, ஈரத் துண்டை ஒதறுற மாதிரி இருக்கு," என்பாள். டெஸ்ஸா மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அவளுக்காக இமோஜீன் கை தட்டி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எனக்கே மனசு கேட்காமல் ஒருநாள் இடைவேளையில், பீன்ஸ் தட்டும் கையுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

"பெத்த பொண்ணுக்கு ஒரு தட்டு தட்டினா ஒன் கை என்ன தேஞ்சா போயிடும்?"

"பெத்த பொண்ணுங்கறதுக்காகத் தட்டினா, அது அவளுக்கா தட்டினது? எனக்கு நானே தட்டிக்கிட்டது," என்றாள். "நீ ஒன் பீன்ஸைத் தின்னு, டாயல்."

போன சனிக்கிழமை எல்பர்ட் எஃப்லரின் குழு வந்தது. எல்பர்ட் பிடில்காரர், வாசிப்பில் கறார்ப் பேர்வழி. அவருடைய மாண்டலின்காரன் கல்யாணம் செய்துகொண்டு ஒஹாயோ பக்கம் போய்விட்டான். அந்த இடத்தில் டெஸ்ஸாவை நிறுத்திப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். தேறினால் கோடைக்காலம் முழுக்கக் குழுவோடு ஊர் ஊராகத் திருவிழா மேடைகள். தேறாவிட்டால் பழையபடி பின்னறையும் திரையும். கார் நிறுத்துமிடத்தில் டெஸ்ஸா மாண்டலினை அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்பர்ட்டப் பத்திக் கூட பயமில்ல, டாயல் மாமா. அம்மா கையை அக்குள்ல வச்சுட்டான்னா நான் அங்கயே செத்தேன்."

"அவ கெடக்கா, நீ வாசி," என்றேன்.

முதல் பாட்டு. எல்பர்ட் மைக்குக்கு வந்து பிடிலை இழைக்கத் தொடங்கினார். டெஸ்ஸா அவரைப் பார்க்கவில்லை, பாஞ்சோக்காரனைப் பார்க்கவில்லை. அவள் கண் முன்வரிசையில், அம்மாவின் மடியில் இருந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு, எல்பர்ட் முடிக்குமுன்பே தன் முறை வந்துவிட்டதாக நினைத்து உள்ளே நுழைந்துவிட்டாள். அவள் தோள் போய் அவர் முழங்கையில் இடித்தது. வில் கம்பிமேல் கிறீச்சென்று இழுபட்டது. கூடம் முழுக்க ஒரு நொடி மூச்சை இழுத்துப் பிடித்தது. ஒற்றை மைக் மேடையில் தப்பு ஸ்வரம் வாசித்தால் மன்னிப்பார்கள். இடித்தால் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது பாட்டில் இடிக்கவில்லை. ஆனால் தன் முறை முடிந்தும் மைக்கை விட்டு நகராமல் முன்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாஞ்சோக்காரன் வழி கிடைக்காமல் ஒரு காலைத் தூக்கினபடி தவித்தான். எல்பர்ட் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். கன்னம் சிவந்துபோயிருந்தது.

எல்பர்ட் மைக்குக்கு வந்தார். "அடுத்தது கொஞ்சம் வேகமானது. டெஸ்ஸா ஆரம்பிச்சு வைப்பாங்க," என்றார். குரல் இனிமையாகத்தான் இருந்தது, உதட்டில் சிரிப்புகூட இருந்தது. ஆனால் அவர் கச்சேரியைக் கேட்டுப் பழகிய எங்களுக்குத் தெரியும், இதுதான் அவளுக்குக் கடைசிப் பரீட்சை.

நான் இரண்டாம் வரிசை, இமோஜீனுக்கு நேர் பின்னால். அவள் தலையைத் திருப்பி முணுமுணுத்தாள். "நல்லாத்தானே கையி ஓடுது. இந்தப் பொண்ணு எதைத்தான் பாக்குறா?"

"ஒன் கையைத்தான்," என்றேன். "வேற எதைப் பாப்பா? ஊரே அதைத்தான் பாக்குது."

அவள் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். சாயம் ஏறிய நகங்கள், கத்தரிக்கோல் காய்ப்பு.

அவள் எழுந்தாள். பாதிக் கச்சேரியில் இமோஜீன் எழுந்து யாரும் பார்த்ததில்லை. மேடையில் டெஸ்ஸாவின் வாய் லேசாகத் திறந்தது. இமோஜீன் இரும்பு நாற்காலியைத் தூக்கி, அரைவட்டம் திருப்பி, மேடைக்கு முதுகைக் காட்டிப் போட்டு, எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.

"என்னத்தைப் பாக்குற? மேடையைப் பாரு," என்றாள் என்னிடம். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

மாண்டலின் தொடங்கியது.

"எங்க பாக்குறா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மைக்கை."

"இப்ப?"

"எல்பர்ட் வில்லை."

டெஸ்ஸா தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கினாள். பிடில் வந்தது, பாஞ்சோ வந்தது. பாஞ்சோ நழுவின இடத்தில் அவள் சரியாக நுழைந்தாள். என்ன வாசிப்பு அது. விரல்கள் ஓடின, தோள் அசையவில்லை, முகத்தில் அம்மா என்கிற நினைப்பே இல்லை. முடித்து அவள் பின்னால் சாய, எல்பர்ட்டின் வில் அவள் தோளுக்கு மேலாகத் தொடாமல் போயிற்று. எல்பர்ட் சிரித்தார்; இந்தத் தடவை கண்ணாலும் சிரித்தார். கூடம் அதிர்ந்தது. நானும் கை வலிக்கத் தட்டினேன்.

அப்போதுதான் டெஸ்ஸா ஒரே ஒரு நொடி முன்வரிசையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது அம்மாவின் முதுகும் சுருட்டி நிறுத்திய கொண்டையும்தான்.

எனக்குத் தெரிந்தது வேறு. இமோஜீன் கண்களை இறுக மூடியபடி, இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்து வைத்து, மேடைக்குத் தோள்கூட அசைவது தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தாள். சபை தட்டி ஓய்ந்து, அடுத்த பாட்டு தொடங்கிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.