பாஸாயிருச்சு

எனக்கும் ‘பாஸ்’ என்ற சொல்லுக்கும் இன்றைக்கும் ஆகாது. அகராதியில் தேடிப் பார்த்தேன். லத்தீனில் காலடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். ஓர் அடி எடுத்து வைப்பது, கடந்து போவது, அவ்வளவுதான். எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், அந்த நுணுக்கமெல்லாம் யாருக்குத் தெரியும்? சோதனையில் தேறினாலும் பாஸ், துரை லீவு கொடுத்தாலும் பாஸ், அரசாங்கக் கச்சேரிக்குப் போட்ட மனு சரிவந்தாலும் பாஸ்.

பத்தாம் வகுப்புச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். தேறினால் பதுளையில் மேலே படித்து டீச்சராவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். அதைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு பகல் மலையிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, முதுகிலிருந்த கூடையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

“பாஸாயிருச்சு புள்ள. ஆபீஸ்ல சொன்னாங்க.”

மேற்கொண்டு கேட்க எனக்கு ஏது பொறுமை? ஈரக் கையோடு ஓடிச் சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு லயம் முழுக்க வீடு வீடாகப் போனேன். பிள்ளைகள் வாயில் ஆளுக்கொரு சிட்டிகை போட்டேன். பக்கத்து வீட்டுச் சின்னவள் எதற்கு என்று கேட்டாள். அக்கா பாஸாகிவிட்டேன் என்று பீற்றிக்கொண்டேன். டப்பா காலியாகிவிட்டது.

திரும்பி வந்தபோது அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒஞ் சோதன இல்லம்மா. இந்தியாவுக்குப் போற பாஸ்போட்டு.”

தோட்டத்து ஆட்கள் இலங்கைக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று மனுப் போட வேண்டியிருந்த காலம் அது. அப்பா இந்தியாவுக்குப் போட்டு வருசக் கணக்காகியிருந்தது. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். அதில் என் பெயரும் இருந்தது.

நான் மட்டும் இங்கேயே தங்கிப் படிக்கிறேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். யார் வீட்டில் தங்குவாய், எந்த நாட்டுப் பிள்ளை என்று எழுதிக் கொடுப்பாய் என்று அப்பா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். அழுதுகொண்டே எழுந்து சாப்பிட்டேன்.

சாமான் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் சோதனை முடிவு வந்தது. பாஸ்தான். வீட்டில் யாரும் சீனி டப்பாவைத் தேடவில்லை.

புறப்பட்ட காலையில் பதுளை ஸ்டேசனுக்குப் போகும் லொறி வரைக்கும் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

“பாஸானா ஊர விட்டுப் போயிரணுமாக்கா?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

“அப்ப நான் பாஸாக மாட்டேன்” என்று என் கையை உதறிவிட்டு லயத்தைப் பார்த்து ஓடினாள்.