அழைத்த அரை மணி நேரத்தில்

ஜெராக்ஸ்காரர் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் போகும் துளை ஒரு மூலையில் இருக்கிறது, தரையின் சரிவு எதிர் மூலையைப் பார்த்து இருக்கிறது. கட்டினவர் எந்த நினைப்பில் கட்டினாரோ. ஒரு குவளை சிந்தினால்கூடத் தண்ணீர் துளைப் பக்கம் திரும்பிப் பார்க்காது, நேரே கதவோரம் வந்து குளம் கட்டும். இத்தனை வருஷமாக வீட்டில் அது ஒரு வேடிக்கை. இன்று அப்படி இல்லை. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா மதியம் வீட்டுக்கு வருகிறாள். இன்னொரு தடவை வழுக்கினால் எழுந்து நடப்பது சந்தேகம்தான், குளியலறைத் தரையில் பொட்டு ஈரம் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்று பார்த்துக் குழாயின் கழுத்தில் கசிவு.

பிளம்பர்களுக்கு அவரிடம் பஞ்சமில்லை. கடைச் சுவர் முழுக்க அவர் நகலெடுத்துக் கொடுத்த நோட்டீஸ்கள்தான். முதல் நம்பர்காரர் வெளியூரில் இருந்தார். இரண்டாமவர், வாஷர் மாத்துற வேலைக்கெல்லாம் வர்றதில்லை சார், புதுக் கட்டடம் இருந்தா சொல்லுங்க என்றார். மிஞ்சியது 'இதோ'. போனில் எப்போது கேட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, வட்டாரத்தில் அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோயிருந்தது. இன்றும் அதையேதான் சொன்னார்.

இதோவின் நோட்டீஸில் ஒரு சங்கதி உண்டு. துண்டுக் காகிதத்தில் பெயரும் நம்பரும் மட்டும்தான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அடித்துப் பார்த்தபோது பக்கம் வெறிச்சென்று இருந்தது. ஜெராக்ஸ்காரருக்கு வெற்றிடம் பொறுக்காது. 'அழைத்த அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில்' என்று தாமாகவே ஒரு வரி சேர்த்து, கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். இதோவுக்கும் அது பிடித்துப்போனது. தெருவெங்கும் வீட்டுக்கு வீடு அந்தக் காகிதம்தான்.

இதோ வந்தபாடில்லை. ஜெராக்ஸ்காரர் தாமே ஸ்பேனரைத் தூக்கினார். குழாயைக் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சும் என்பதால் கழற்றாமல், வெளிப்புறமாகவே வெள்ளை டேப்பைச் சுற்றினார். ஏதோ கட்டுப் போட்ட விரல் மாதிரி ஆனது. சொட்டு குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேனரால் குழாயை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். குழாய் கையோடு வந்துவிட்டது. அதன் கழுத்து சுவருக்குள் முறிந்து தங்கிவிட்டது. தண்ணீர் அவர் மார்பில் வந்து அடித்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வு வைக்காத கட்டடம் அது. நான்கு வீட்டுக்கும் சேர்த்து மொட்டைமாடித் தொட்டியடியில் ஒரே ஒரு வால்வு. ரொம்பப் பழசு, தொட்டால் கதை முடிந்தது என்று யாரும் கை வைப்பதில்லை. ஜெராக்ஸ்காரர் மாடிப்படியில் ஓடினார். பிடி அசையவில்லை. ஸ்பேனரைக் கொடுத்து நெம்பினார். உள்ளே மளுக்கென்று சத்தம் கேட்டது, வால்வு மூடிக்கொண்டது, பிடி கையோடு வந்தது. ஒரு கையில் பிடியும் இன்னொரு கையில் ஸ்பேனருமாக இறங்கி வந்தார்.

ஆனால் தண்ணீர் நின்றுவிட்டது. தரையை அழுத்தித் துடைத்து, டேபிள் ஃபேனை வைத்துக் காயவிட்டார். வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார். சுத்தமாக உலர்ந்திருந்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. மாடி வீட்டு டீச்சரம்மா தலையில் நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னாலேயே மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். நடந்ததை ஜெராக்ஸ்காரர் தலையைக் குனிந்தபடி சொன்னார். டீச்சரம்மா நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு இதோவுக்குப் போன் போட்டார். அவர் குரல் கேட்டால் எதிர்முனையில் யாரானாலும் எழுந்து நின்றுதான் பேசுவார்கள். அரை மணின்னு அச்சடிச்சிருக்கியே, வெக்கமா இல்லையா என்றார். பதிலைக் கேட்டுவிட்டு மெதுவாக ஜெராக்ஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"அதை எழுதினது நீங்கதானாமே?"

ஜெராக்ஸ்காரர் ஃபேனை அணைப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

ஒரு வீட்டுக் கசிவுக்கு வராத இதோ, நாலு வீட்டு வறட்சிக்கு வந்தார். தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, துணி சுற்றிய கட்டையால் தண்ணீர் இறங்கும் வாயை அடைத்துவிட்டு, புது வால்வைப் பூட்டினார். பிறகு குளியலறையைப் பார்த்தார். முறிந்த துண்டு ஆழத்தில் இருக்கிறது, டைல்ஸை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், பூசினால் காய வேண்டும், இன்றைக்கு நடக்காது. மரக்குச்சியில் துணி சுற்றி, சுவரில் குழாய் இருந்த ஓட்டையில் அடித்தார். கொஞ்சம் கசியும், ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அதற்குள் அம்மாவை அழைத்துவரப் போயிருந்த மனைவி போன் பண்ணிவிட்டாள். ஆட்டோவில் ஏறிவிட்டார்களாம். இன்னும் ஒரு ராத்திரி அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று ஜெராக்ஸ்காரர் கேட்டார். கட்டில்ல வேற ஆளைப் படுக்க வச்சாச்சுங்க என்றாள்.

இதோ மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வால்வைத் தொறக்கவா?"

வாசலில் மூன்று வீட்டுக்காரர்களும் நின்றார்கள். டீச்சரம்மாவின் தலையில் நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. எல்லாரும் ஜெராக்ஸ்காரர் முகத்தையே பார்த்தார்கள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது.

"தொறங்க" என்றார்.

அம்மாவை இறக்கி, வாக்கரைப் பிடிக்கவைத்து உள்ளே கொண்டுவருவதற்குள் டீச்சரம்மா வாசலிலேயே முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தார். அம்மா நேரே குளியலறைக்குத்தான் போக வேண்டும் என்றாள். துணி சுற்றிய குச்சியின் ஓரமாக நூல் மாதிரி தண்ணீர் இறங்கி, துளையைத் திரும்பிப் பாராமல் கதவோரம் வந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ்காரர் மண்டியிட்டுத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி பளபளத்தது. இன்னொரு துணியை எடுத்தார். பழைய போர்வையைப் போட்டார், அதுவும் ஊறிப்போனது. அம்மா வாக்கரை இறுக்கிப் பிடித்தபடி நிலைப்படியில் காத்திருந்தாள், மனைவி அவளுடைய முதுகைத் தாங்கியிருந்தாள்.

"பிளம்பர் நாளைக்கு வந்துடறேன்னு சொல்லியிருக்காரும்மா" என்றார், தலையைத் தூக்காமல்.

"அவன் சொன்ன நாளைக்கா, நீ எழுதின அரை மணியா?"

அவர் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.