கோர்வை கலையாத அட்டைகள்

கோபாலா, போர்ட்ரானா என்று என் தங்கை ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இரண்டு இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

“யாருடி அந்த கோபாலு? நம்ம தெருவா?”

“கோபாலு இல்லக்கா, கோபோல். கம்ப்யூட்டருக்கு அது ஒரு பாஷை.”

“அப்போ ரெண்டாவது ஆளு?”

“அதுவும் பாஷை தான். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கணும்னு சார் சொல்லிட்டாரு.”

“பேரைப் பார்த்தா கோபாலு தான் நல்ல குடும்பம் மாதிரி இருக்குது. மத்தவன் மிலிட்டரிக்காரன் கணக்கா இருக்கறான்.”

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அவள் பி.யூ.சி. முடித்திருந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை தோறும் கம்ப்யூட்டர் வகுப்பு. பெண்ணைத் தனியாக அனுப்ப நைனாவுக்கு மனமில்லை. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த என்னைத் துணைக்கு அனுப்பினார். அம்மா அப்போது உயிரோடு இல்லை. ஐயம்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, பதிலுக்குக் காத்திருந்தது.

நைனா அவளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். “கடைசி கிளாசுல எவங்க எழுதுனது மெஷின்ல ஓடுதோ அவங்களுக்கு அங்கயே வேலைன்னு சொல்றாங்க இல்ல? உனக்குக் கெடைச்சா கல்யாணத்தை அப்புறம் பாத்துக்கலாம்மா. கெடைக்கலன்னா ஐயம்பேட்டைக்கு சரின்னு சொல்லிடுவேன்.”

கடைசியில் அவள் மிலிட்டரிக்காரனையே எடுத்துக்கொண்டாள். கோபோலில் ஒரு கூட்டல் போடுவதற்கே இங்கிலீஷில் கதை எழுத வேண்டுமாம். போர்ட்ரானில் ஒரு வரி போதுமாம்.

அடுத்த தவிப்பு புத்தகம். மூர் மார்க்கெட்டில் தலையணை மாதிரி ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. வழவழ காகிதம், படமெல்லாம் இருந்தது. கடைக்காரரின் முன்னால் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடினாள்.

“மொதல்ல மெஷினு முன்னாடி உக்காருங்கன்னு போட்டிருக்குதுக்கா.”

“உக்காரேன்.”

“மெஷினு மெட்ராஸ்ல இருக்குது. நான் காஞ்சிபுரத்துல இருக்கறேன்.”

அதனால் அதை வைத்துவிட்டு, வாத்தியார் ஸ்டென்சில் வெட்டி நகலெடுத்துக் கொடுத்த தாள்களையே நம்பினாள். மை அப்பிய தாள்கள். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் மெஷின் இல்லாமல், பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு கணக்கு இருந்தது. எழுதுவதற்குக் கட்டம் போட்ட தாள் தனியாக வேண்டும். அது எங்கள் வீட்டிலேயே கட்டுக் கட்டாக இருந்தது. புடவைக் கரையின் டிசைனை நைனா கட்டத்தாளில்தான் போடுவார். பிறகு அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார். அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டி எந்த இழையைத் தூக்குவது என்று தெரிந்துகொள்ளும்.

கம்ப்யூட்டருக்கும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னபோது நைனா தன் அட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்போ அதுவும் நம்ம வேலை தானே?” என்றார். அன்று முதல் அவளுடைய பென்சிலை அவரே சீவி வைத்தார்.

கடைசி வகுப்புக்கென்று அவள் எழுதியது ஒரு கோபுரக் கரை. மெஷின் நட்சத்திரம் நட்சத்திரமாக அச்சடித்து, ஒரு கோபுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோபுரமாக நீளமாகக் கொண்டுவரும். அந்தத் தாளை நைனாவிடம் காட்ட வேண்டும் என்று துடித்தாள்.

கடைசி வகுப்புக்கு முந்தின வாரம் அங்கேயே உட்கார்ந்து அட்டைகளை அடித்து முடித்து, சரிபார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்த்து முடித்து, நைனா அட்டை அடிக்கிற பலகை மேல் வைத்தாள்.

“நைனா, இதை யாரும் தொடாம பாத்துக்கோ. கோர்வை மட்டும் கலையக் கூடாது. கலைஞ்சா அவ்ளோ தான்.”

“நான் பாத்துக்கறேம்மா,” என்றார்.

பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை விடிகாலையில் பொட்டலத்தைத் துணியில் சுற்றி, கயிறு கட்டி அவரே கையில் கொடுத்தார். பஸ்ஸில் அவள் அதை மடியிலிருந்து இறக்கவேயில்லை. “புள்ளைக்குப் பால் குடுத்தியாடி?” என்று கூடக் கேட்டேன்.

மெஷின் அறை வாசலில் பொட்டலத்தைப் பிரித்தாள். அட்டைகள் ஒன்றோடொன்று தைத்துக் கிடந்தன. எங்கள் ஊரில் ஜக்கார்டு அட்டை கோர்க்கிற அதே முறை. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு ஓரத்திலும் வட்டமாக ஓட்டை அடித்து, முறுக்கு நூலை விட்டு நைனா கோர்த்திருந்தார். ஒரு முடிச்சு கூடப் பிசகவில்லை. அவ்வளவு அழகான வேலை.

வாத்தியார் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை.

“நூலை அறுத்துடலாம்மா. ஓட்டையை என்ன பண்றது? மெஷினுக்கு எல்லா ஓட்டையும் எழுத்து தான்.”

அறுத்துப் போட்டும் பார்த்தார்கள். ஒன்றிரண்டு அட்டை உள்ளே போனது. பிறகு மெஷின் நின்றுவிட்டது. புதிதாக அடிக்க நேரமில்லை. அன்று சாயங்காலத்தோடு வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் மெஷின் அச்சடித்த தங்கள் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு போவதை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம்.

திரும்பி வரும்போது நான் வாய் ஓயாமல் உளறிக்கொண்டே வந்தேன். மிலிட்டரிக்காரனை நம்பாதே என்று அப்போதே சொன்னேனே என்றேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகு அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, நைனா கிட்ட சொல்லாத.”

நைனா வாசலிலேயே நின்றிருந்தார். “கரை எப்படிம்மா வந்துது?”

“நல்லா வந்துது நைனா. அந்தத் தாளை அவங்களே வச்சிக்கினாங்க. ஆனா வேலைக்குப் பொம்பளைங்களை எடுக்கலையாம்.”

அவர் முகம் சிவந்தது. சென்னைக்காரர்களை ஒரு பாட்டம் திட்டினார். பிறகு அவள் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்தார்.

“அடப்பாவிங்களா, பிரிச்சிட்டாங்களா? கோர்வை என்னத்துக்கு ஆவறது?”

மறுநாள் காலையில் பலகையின் முன் அவளை உட்கார வைத்தார். “எது முன்ன, எது பின்ன, நீ சொல்லும்மா,” என்றார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் கோர்த்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். நூலை முறுக்கிக் கொடுத்தேன். அன்று மத்தியானமே ஐயம்பேட்டைக்கு ஆள் போயிற்று.

அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது தட்டில் மஞ்சள், குங்குமத்தோடு அந்த அட்டைகளையும் வைத்துக் கொடுத்தார். தறியில் ஏற்றுகிற மாதிரியே கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு எழுதியது முடிவில்லாமல் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது தப்பு, மெஷினை நிறுத்திவிடுவார்கள் என்று பஸ்ஸில் எப்போதோ அவள் எனக்குச் சொல்லியிருந்தாள்.

“இப்போ கலையவே கலையாதும்மா,” என்றார் நைனா.

“ஆமா நைனா,” என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.